மே மாத வெயிலில் ஆள் படம் எடுக்க எந்த இடம்? வடக்குத் திண்ணையா, கொல்லைப்புறமா?

ஏப்ரல் 27, இரவு 9:40 (கேள்வி)

மே 18 அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மதுரைக்குப் பக்கத்தில் சொந்த ஊரில், பழைய வீட்டில் வைத்திருக்கிறோம். சடங்கு முடியக் காலை பத்தரை ஆகிவிடும். அதற்கப்புறம் பதினோரு பேர் சேர்ந்து ஒரு குடும்பப் படம், அப்பா அம்மா இருவரை மட்டும் வைத்து நாலைந்து படம் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் ‘வடக்கு பார்த்த நிழலில் நிறுத்து’ என்றுதான் படித்த இடமெல்லாம் எழுதியிருக்கிறது. எங்கள் வாசல் வடக்கு பார்த்தது, திண்ணை ஆறடி ஆழம். அப்படியானால் இடம் முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? கையில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் கேமராவோடு வந்த ஜூம் லென்ஸும் இருக்கின்றன. ஃபிளாஷ் இல்லை.

ஏப்ரல் 27, இரவு 10:55 (பதில்)

முடிவாகவில்லை. அந்த அறிவுரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டது. டெல்லிக்கும் பொருந்தும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் உச்சி வேளைச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். அதனால் அங்கே உச்சி வேளையில் வடக்குச் சுவர் எப்போதும் நிழல்.

நமக்கு அப்படி இல்லை. மதுரையில் ஏப்ரல் 16 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 27 வாக்கில்தான் திரும்பத் தெற்கே வரும். சென்னைக்கு இது ஏப்ரல் 25 முதல் ஆகஸ்ட் 18 வரை, கோவைக்கு ஏப்ரல் 19 முதல், யாழ்ப்பாணத்துக்கு ஏப்ரல் 15 முதல். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். இந்த நாட்களில் காலையில் எழுவதிலிருந்து மாலையில் விழுவது வரை சூரியன் கிழக்கு மேற்குக் கோட்டுக்கு வடபுறத்திலேயே இருக்கும். வீடு நேராகத் திசை பார்த்துக் கட்டியிருந்தால் தெற்குச் சுவரில் ஒரு நிமிஷம்கூட நேர் வெயில் படாது. வடக்குச் சுவர்தான் வெயிலில் காயும்.

ஆக, கேட்க வேண்டியது வேறு: உங்கள் வீட்டின் தென்புறம் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 28, காலை 6:20

நேரத்தை முதலில் பேசிவிடலாம். இடத்தைத் தீர்மானிப்பதே நேரம்தான்.

திறந்த வெளியில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் வெயிலிலேயே ஆளை நிறுத்தலாம், கண்குழி இருட்டாகாது. நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாக வந்துவிட்டால் முகத்தில் நேர் வெயில் கூடாது, பின்னாலிருந்து விழ வேண்டும். அதைவிடக் குட்டையாகிவிட்டால் திறந்த வெளியை மறந்துவிடுங்கள்.

மே 18 அன்று மதுரையில் சூரிய உதயம் 5:56 வாக்கில், அஸ்தமனம் 6:32 வாக்கில். இரண்டு மடங்கு நிழல் காலை 7:50 வரை, மாலை 4:35க்குப் பிறகு. சம நிழல் காலை 9:10க்கும் மாலை 3:15க்கும். உங்கள் சடங்கு முடிந்து எல்லோரும் கூடும் பத்தே முக்காலுக்குச் சூரியன் 66 டிகிரி உயரத்தில் இருக்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் இரண்டரை அடிகூட இராது. மூக்கு நிழல் மேல் உதட்டில் விழும், புருவ நிழல் கண்ணை மூடும்.

இன்னொன்று. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி இறங்குகிறது. மற்ற நாட்டார் பேசும் நீண்ட பொன்வெயில் இங்கே கிடையாது. நல்ல சாய்வெயில் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். இடத்தை முன்னாலேயே பார்த்து, ஆள் நிற்கும் புள்ளியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வர வேண்டும் என்பது இதனால்தான்.

ஏப்ரல் 28, பகல் 1:05

முதல் குறிப்பில் வடக்குத் திண்ணையை ஒரேயடியாகத் தள்ளிவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிதான் சரி.

உங்கள் திண்ணைக் கூரை விளிம்பு ஒன்பதடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குச் சூரியன் 14 டிகிரி உயரத்தில், கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். அப்போது வெயில் ஆறடித் திண்ணையின் குறுக்கே சாய்ந்து சுவர் வரைக்கும் போகும். மாலை ஐந்தரைக்கும் இதே கதை, வடமேற்கிலிருந்து. ஆனால் பத்தே முக்காலுக்குச் சூரியன் உயரே போய்விடுவதால் தரையில் இரண்டடிக்குக் குறைவாகத்தான் வெயில் நுழையும், முக உயரத்தில் ஒரு அடிகூட இல்லை. விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே நிறுத்தினால் முழு நிழல்.

எனவே உங்கள் நேரத்துக்கு வடக்குத் திண்ணை ஆகாத இடமில்லை. குறை என்னவென்றால், எதிரே தெரு முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடக்கும். சூரியனும் அந்தப் பக்கத்து வானத்திலேயே இருக்கும். வெளியே பார்த்து நிற்பவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். அறுபது வயதுக்காரர்களுக்கு அது தாங்காது. பதினோரு பேருக்கு ஆறடி ஆழமும் போதாது. அப்பா அம்மா இருவருக்கு மட்டும் போதும்.

ஏப்ரல் 28, இரவு 8:30 (கேட்டவர்)

தென்புறம் கொல்லை. இரண்டு மாடி, சுவர் இருபது அடி இருக்கும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது, கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. தரை சிவப்பு சிமெண்ட். ஒரு கிணறு, தள்ளி ஒரு வேப்பமரம். துணி துவைக்கும் இடத்துக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். அங்கே நிழல் நன்றாக இருக்கும், அதன் கீழே நிறுத்தலாம் என்று தங்கை சொல்கிறாள்.

ஏப்ரல் 28, இரவு 9:15

தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். முதல் வேலை அதுதான்.

ஏப்ரல் 29, காலை 7:00

காரணம் சொல்லாமல் போய்விட்டேன். வெயில் துணி வழியாக இறங்கும்போது துணியின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். நீலத் தார்ப்பாயின் கீழ் மாநிற முகம் சாம்பல் பூத்து நோயாளி மாதிரி தெரியும். இதைப் பின்னால் கம்ப்யூட்டரில் திருத்துவது கடினம். மேலிருந்து நீலம், பக்கத்திலிருந்து வெள்ளை என்று இரண்டு நிறம் ஒரே முகத்தில் இருக்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மஞ்சளாகும். சிவப்பு மஞ்சள் கோடு போட்ட சாமியானா, நர்சரியில் போடும் பச்சை வலை, மஞ்சள் ஃபைபர் ஷீட் எல்லாம் இதே இனம். கல்யாண வீடுகளில் முகம் ரத்தச் சிவப்பாக வருவதற்குப் பாதிக் காரணம் சாமியானா. பந்தல்காரரிடம் ‘வெள்ளைத் துணி’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ந்த தென்னங்கீற்றுப் பந்தல் மிக நல்லது. நிறம் ஏற்றாது, கீழே குளிர்ச்சியும் உண்டு. கீற்று நெருக்கமாக வேய்ந்திருக்க வேண்டும். இடுக்கு இருந்தால் முகத்தில் காசு காசாக வெயில் விழும்.

தகரக் கொட்டகை வேண்டாம். நிறம் தொந்தரவில்லை, அனல்தான். பதினோரு மணிக்குத் தகரத்தின் கீழே பத்து நிமிஷம் நின்றால் முகம் எண்ணெய் வடியும்.

இப்போது கொல்லைச் சுவரின் நிழல் எவ்வளவு அகலம் என்று பார்ப்போம். இருபதடித் தெற்குச் சுவர், மதுரை, மே 18:

காலை 8:00 – சுமார் பத்தரை அடி
காலை 9:15 – ஆறடி
காலை 10:45 – நாலடிக்குக் கொஞ்சம் குறைவு
பகல் 12:15 – மூன்றேகால் அடி

இது தரையில் விழும் அகலம். நிற்பவரின் தலை உயரத்தில் இதில் கால் பங்கு குறையும். பத்தே முக்காலுக்குத் தலை உயரத்தில் மூன்றடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிழல் இருக்கும். ஒரே வரிசையாகச் சுவரை ஒட்டி நிறுத்தினால் எல்லோரும் நிழலில். முன்னால் நாற்காலி போட்டு இரண்டு வரிசையாக வைத்தால் முன்வரிசையின் முழங்காலிலும் கைகளிலும் வெயில் பளிச்சென்று விழும், முகம் நிழலில் இருக்கும். அந்தப் படம் கெட்டுவிடும்.

வழி இரண்டு. ஒன்று, குடும்பப் படத்தைச் சடங்குக்கு முன்னால், எட்டு மணிக்கு எடுத்துவிடுவது. இரண்டு, எட்டு முழ வெள்ளை வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, ஒரு பக்கம் சுவரில் பத்தடி உயரத்திலும் மறுபக்கம் இரண்டு சவுக்குக் கம்பத்திலும் கட்டுவது. ஒற்றை மடிப்பு வேட்டி வெயிலை முழுக்க மறைக்காது, மெத்தென்று இறக்கும். அது போதும். இரட்டையாக மடித்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் செத்துப்போகும். காற்றுக்குப் படபடக்கும், மூலைகளில் கல் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஏப்ரல் 30, இரவு 10:10

மரத்தடி பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லா மரநிழலும் ஒன்றல்ல.

வேம்பு: மாசியில் இலை உதிர்த்து, சித்திரையில் தளிர் முற்றி நிற்கும். குளிர்ச்சிக்கு இதைப்போல் இல்லை. ஆனால் இலை சிறிது, இடைவெளி அதிகம். முகத்தில் புள்ளி வெயில் விழும். ஒரு புள்ளி கன்னத்தில் விழுந்தால் அது சுற்றுப்புறத்தைவிட மூன்று ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), அந்த இடம் வெள்ளையாக எரிந்துபோகும். வேம்படியில் எடுக்க வேண்டுமானால் ஆளை மரத்தடிக்கு நடுவில் வைக்காமல், அடிமரத்தின் நிழலோ சுவரின் நிழலோ கூடச் சேரும் இடத்தில் வையுங்கள்.

புங்கன்: வெயில் காலத்துக்கு என் முதல் தேர்வு. கோடையில் பசுந்தளிரும் அடர்த்தியுமாக நிற்கும். கிளை தாழ்வாக இருப்பதால் மேல் வெளிச்சம் தடைபட்டு, பக்கத்து வெளிச்சம் மட்டும் முகத்துக்கு வரும். அதுதான் வேண்டியது.

புளி: சாலையோரப் பழைய புளியமரத்தின் நிழல் அடர்த்தி. இருட்டு அதிகம் என்பதால் உள்ளே போகாமல் நிழலின் விளிம்பிலிருந்து நாலைந்தடிக்குள் நிறுத்துங்கள்.

ஆலமரம்: விழுதுகள் நல்ல பின்னணி. பெரிய ஆலமரத்தின் அடியில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. திறப்பு இருக்கும் பக்கம் பார்த்து முகத்தைத் திருப்புங்கள்.

தென்னந்தோப்பு, பனங்காடு: உச்சி வேளையில் கூடாது. கீற்று நிழல் முகத்தில் வரி வரியாக விழும். காலை ஏழு மணிக்கு, மாலை ஐந்தேகாலுக்கு மேல், பின்வெயிலோடு எடுத்தால் அழகு.

மாந்தோப்பு: உள்ளே பச்சை ஏறிவிடும். ஓரத்து வரிசை மரத்தின் அடியில், தோப்புக்கு முதுகு காட்டி, வெட்டவெளியைப் பார்த்து நிறுத்தினால் பின்னணி கரும்பச்சை, முகம் தெளிவு.

எந்த மரமானாலும் ஒரு சோதனை. முஷ்டியை முகம் வரும் உயரத்தில் நீட்டி, நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். விரல் முட்டிகளுக்கு இடையில் நிழல் எந்தத் திசையில் மிருதுவாகிறதோ, அந்தத் திசையை முகம் பார்க்க வேண்டும். அப்படியே ஆளின் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் மேற்பாதியில் வெள்ளையாக வானத் துண்டு தெரிந்தால் இடம் சரி. தெரியாவிட்டால் ஒரு அடி வெளியே நகர்த்துங்கள்.

மே 1, காலை 9:00

சுருக்கமாக வெளிச்ச அளவு. நேர் வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8 என்றால் ஷட்டர் 1/3200 வினாடி. வானம் தெரியும் நிழலில் மூன்று ஸ்டாப் குறையும், 1/400. ஆழமான தாழ்வாரத்தில் ஐந்து ஸ்டாப்வரை குறையும், 1/100. இந்த வித்தியாசத்தால்தான் பின்னணி முக்கியம். ஆள் நிழலில், பின்னால் தெரு வெயிலில் என்றால் தெரு வெறும் வெள்ளைக் காகிதம். பின்னணியும் நிழலிலோ, நிழலைவிட இருட்டாகவோ இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

மே 2, மாலை 6:40

சென்னையிலிருந்து ஒருவர், மாலையில் மெரினாவில் எடுத்தால் முகம் ஏன் தட்டையாக வருகிறது என்று கேட்கிறார். மெரினா கிழக்குக் கடற்கரை. மாலைச் சூரியன் ஊருக்குப் பின்னால், கட்டடங்களுக்கு மேல் இருக்கிறது. ஆளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் வெயில் நேராக முகத்தில். கடலைப் பார்த்து நிறுத்தினால் பின்னணி காமராஜர் சாலையும் வண்டிகளும். இரண்டும் சரிப்படாது. மெரினாவும் பெசன்ட் நகரும் காலைக்கு உரியவை. மே நடுவில் சென்னையில் 5:43க்குச் சூரிய உதயம். 5:50 முதல் 7:00 வரை கடல் பக்கத்து வெயில் தாழ்ந்து, மஞ்சளாக, மணலில் பட்டு முகத்தின் கீழ்ப்பகுதியையும் நிரப்பும். எட்டு மணிக்கு 31 டிகிரி ஏறிவிடும், மணலும் சுட ஆரம்பிக்கும்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் உடம்புக்குச் சுகம், ஆனால் தலைமுடி ஒரு இடத்தில் நிற்காது. காற்று வரும் பக்கம் பார்த்து முகத்தை வைத்தால் முடி பின்னால் போகும்.

கடற்கரைக்கு ஏசி காரில் போகிறவர்களுக்கு: கேமராப் பையை இறங்கியதும் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கடல் ஈரம் படிந்து லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். பையை மூடியபடியே அரை மணி வெளியில் வையுங்கள். அதற்குள் அந்தக் காலை வெயில் போய்விடும் என்பதால் கடைசிப் பத்து கிலோமீட்டர் ஏசியை அணைத்துவிட்டு வருவதே மேல்.

மே 4, காலை 6:00

இன்று கத்திரி தொடக்கம். படத்தைவிட ஆட்கள் முக்கியம் என்பதால் இது.

பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும் கட்டியவர்களை வெளியில் ஒரே மூச்சில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் வேறு ஒருவரை நிறுத்தி வெளிச்சம், ஃபோகஸ் எல்லாம் சரிபார்த்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நாற்காலி, மேசை மின்விசிறி, மோர்ப் பானை மூன்றும் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்று தோல் சுடுவது எதுவானாலும் படத்தை அங்கேயே நிறுத்தி, உள்ளே படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, 108 அழையுங்கள். யோசிக்க நேரம் எடுக்காதீர்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் கைக்குழந்தைகளையும் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியில் நிறுத்தவே கூடாது.

வியர்வையைத் தேய்த்துத் துடைத்தால் முகம் சிவந்து திட்டுத் திட்டாகும். டிஷ்யூவை ஒற்றி எடுக்க வேண்டும். சாம்பல் நிறச் சட்டையிலும் வெளிர்நீலத்திலும் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. குங்குமம் பத்து நிமிஷத்தில் மூக்கில் வழியும். ஒட்டுப் பொட்டு வைத்து அதன்மேல் கொஞ்சம் குங்குமம் தொட்டுக்கொள்ளலாம். மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, படத்துக்குக் கூப்பிடும்போது தலையில் வைக்கட்டும். வெயிலில் அரை மணியில் ஓரம் பழுப்பாகிவிடும்.

வெறுங்காலில் கல்தரை, சிமெண்ட் தரை என்றால் ஈரச் சாக்கு போடுங்கள். கால் சுடும்போது எந்த முகமும் சிரிக்காது.

மே 6, இரவு 9:20

கேமரா, போன் சமாசாரம். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். மதுரையின் மே வெயிலில் நிழலே அதைத் தொடும். கறுப்புக் கேமராவை வெயிலில் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். எடுக்காத நேரத்தில் வெள்ளைத் துண்டைப் போட்டு மூடுங்கள். மூடிய காருக்குள் வைக்கவே வேண்டாம். போனில் எடுப்பவர்கள் கவனிக்க: சூடானதும் திரை தானாக மங்கும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துப் படத்தைப் பிரகாசமாக்கிவிடுவீர்கள், பின்னால் பார்த்தால் முகம் வெளுத்திருக்கும்.

தூரத்திலிருந்து ஜூம் பண்ணி எடுப்பதும் பகலில் சரியில்லை. காய்ந்த தரைக்கு மேலே காற்று நெளியும், கானல் மாதிரி. முப்பது நாற்பதடிக்கு அப்பாலிருந்து 200 எம்எம்மில் எடுத்தால் கண்ணிமை மயிர் துல்லியமாக வராது. லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பத்துப் பன்னிரண்டு அடிக்குள் வந்துவிடுங்கள்.

மே 7, பகல் 12:30

வெள்ளித்தாள் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் பலகை) வாங்கலாமா என்ற கேள்விக்கு ‘வாங்கலாம்’ என்று வேறிடத்தில் சொல்லியிருந்தேன். கோடைக்கு மட்டும் அதை மாற்றிக்கொள்கிறேன். வெள்ளி வெயிலை அப்படியே முகத்தில் அடிக்கிறது. கண் கூசும், அனலும் சேரும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பலகை போதும். அதையும் நேர் வெயிலில் பிடித்தால் மூன்று நாலடி தள்ளிப் பிடியுங்கள்.

இதைவிட நல்ல ரிஃப்ளெக்டர் எதிர்வீடு. தெற்கு வடக்காக ஓடும் இருபதடித் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், இரு பக்கமும் மாடி வீடுகள். மாலை நாலு மணிக்கு மேற்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவைக் கடந்து எதிர்ச் சுவரில் ஐந்தரை அடி உயரம் வரை ஏறும். அதற்கு மேல் எதிர்ச்சுவர் முழுக்க வெயில். மேற்கு வரிசை வாசலில் கிழக்கு பார்த்து ஆளை நிறுத்தினால், வெயில் பட்ட அந்தச் சுவர் பெரிய விளக்காக வேலை செய்யும். நாலரை வரை இருக்கும், அப்புறம் நிழல் ஒன்பதடி ஏறிவிடும். எதிர்ச்சுவர் வெள்ளை, தந்த நிறம், வெளிர்ச் சந்தனம் என்றால் முகம் ஜொலிக்கும். கிளிப்பச்சை, ரோஜா நிறம் என்றால் அந்த நிறமே முகத்தில். நம் தெருக்களில் இது பெரிய பிரச்சினை. நாலு வீடு தள்ளி நல்ல சுவர் தேடுங்கள்.

மே 9, இரவு 10:00

வீட்டில் எடுக்க வசதியில்லாதவர்களுக்கு, தென்மாவட்டத்துக்குள் சில இடங்கள்.

மதுரை திருமலை நாயக்கர் மகால்: 1636இல் கட்டியது. நடுமுற்றத்தைச் சுற்றித் தூண் தாழ்வாரம். மே மாதத்தில் வடக்குத் தாழ்வாரத்துக்குள் நின்று தெற்கே முற்றத்தைப் பார்க்க வேண்டும். சூரியன் முதுகுப்பக்கக் கட்டடத்துக்கு மேலே இருக்கும். முற்றத்துத் தரை வெயிலை வாங்கி உள்ளே அனுப்பும், பின்னணி இருண்ட தூண்கள். டிசம்பரில் போனால் இதற்கு நேர்மாறாக, தெற்குத் தாழ்வாரம். முக்காலியோ விளக்கோ வைப்பதானால் தொல்லியல் துறை அனுமதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலை: அடிவாரத்து ஆலமரமும் தாமரைக் குளமும் காலை ஏழரை வரை. பாறை மேல் மாலையில் ஏறாதீர்கள். பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பாறை இருட்டும் வரை கக்கும். கோடையில் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

செட்டிநாட்டு வீடுகள்: கோடைப் பகலுக்கென்றே கட்டியது போன்ற வெளிச்சம். பதினொன்றிலிருந்து ஒன்று வரை முற்றத்தில் வெயில் நேராக இறங்கும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணுக்கு இரண்டடி உள்ளே, முற்றத்தைப் பார்த்து உட்கார வைத்தால் ஸ்டூடியோ தோற்கும். ஆத்தங்குடித் தரையின் சிவப்பு தாடையில் ஏறும், மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பாருங்கள்.

கொடைக்கானல், ஊட்டி: 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. காற்று குளிர்ந்தாலும் வெயில் மென்மையல்ல, மலை உயரத்தில் இன்னும் கூர்மை. மேகம் மூடும் நேரத்துக்குக் காத்திருங்கள். நீலகிரிக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது.

தேதியைத் தள்ளிப்போட முடிந்தவர்களுக்கு: ஜூனில் குற்றாலம், தென்காசி, கம்பம், பொள்ளாச்சிப் பக்கம் மேகம் போர்வையாக விரியும். அப்போது மேலே எழுதிய கணக்கு ஒன்றுமே தேவைப்படாது.

மே 11, மாலை 5:50 (கேட்டவர்)

இன்று பத்தே முக்காலுக்குக் கொல்லையில் தங்கையை நிறுத்திப் பார்த்தேன். நிழல் அகலம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. தார்ப்பாய் அவிழ்த்தாயிற்று. ஆனால் தாடைக்குக் கீழும் மூக்குக்கு அடியிலும் செம்மஞ்சளாக வருகிறது. வேட்டி கட்டினாலும் போகவில்லை.

மே 11, இரவு 9:00

தரை. சிவப்பு சிமெண்டில் நிழலுக்கு வெளியே வெயில் படும் பகுதி கீழிருந்து சிவப்பை அடிக்கிறது. வேட்டியை மேலே கட்டுவதால் இது மாறாது. முன்பே நீங்கள் தரை நிறம் எழுதியிருந்தீர்கள், நான் சுவரையும் தார்ப்பாயையும் பார்த்துவிட்டுத் தரையைக் கவனிக்காமல் விட்டேன்.

வெயில் படும் தரையை ஆளுக்கு முன்னால் எட்டடி அகலத்துக்கு மூட வேண்டும். பழைய வெள்ளைப் போர்வை, வெளுத்த கோரைப்பாய் எதுவும் ஆகும். முழு வெள்ளை விரித்துக் கீழ் வெளிச்சம் அதிகமாகிவிட்டால் பாயை மட்டும் வையுங்கள், மங்கிய நிறம் என்பதால் பாதிதான் திருப்பி அனுப்பும். கேமராவில் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ‘நிழல்’ என்று வையுங்கள். தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். வேட்டிப் பந்தலின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பின்னால் நிறம் சரிசெய்ய எளிது.

தண்ணீர் தெளித்தாலும் தரை கருத்து எதிரொளி குறையும், காலுக்கும் இதம். ஆனால் பெரியவர்கள் நடக்கும் வழியில் தெளிக்காதீர்கள், வழுக்கும்.

மே 13, காலை 7:30

பதினோரு பேர் படத்துக்கு எஃப் 1.8 வேண்டாம், ஒரு வரிசை துல்லியமாக வந்தால் மற்றது மங்கிவிடும். இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6, ஜூம் லென்ஸை 35 எம்எம்மில் வைத்து, ஷட்டர் 1/200க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ 200 அல்லது 400. கண் மூடியவர்கள் ஒருவராவது இருப்பார்கள், ஒரே நிலையில் எட்டுப் படமாவது எடுங்கள். எண்ணுவதற்கு முன் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று சொன்னதும் திறக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கூசுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

50 எம்எம்மை அப்பா அம்மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 2.8, எட்டடி தூரம், வடக்குத் திண்ணையில் மூன்றடி உள்ளே. நேராகத் தெருவைப் பார்க்காமல் தூண் பக்கமாகக் கால்வாசி திரும்பி உட்காரட்டும். கண் சுருங்காது, முகத்தில் ஒரு பக்கம் மெல்லிய நிழலும் கிடைக்கும். திண்ணைக்கு எதிரே யாராவது சிவப்புக் காரையோ நீல வேனையோ நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை வண்டி என்றால் நிற்கட்டும், நல்லது.

மே 17, இரவு 8:15

நாளைக்குச் சடங்கு தள்ளிப்போய்ப் பன்னிரண்டு ஆகிவிட்டால் கொல்லையில் தலை உயரத்து நிழல் இரண்டரை அடிதான். அப்போது வேட்டிப் பந்தலைக் கம்பத்தோடு இன்னும் இரண்டடி வெளியே இழுத்துக் கட்டுங்கள், குடும்பப் படத்தை அதன் கீழே ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் பெரியவர்களைக் காக்க வைக்காதீர்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கி எழட்டும். நாலரைக்கு அதே கொல்லைச் சுவர், அதே கல் வைத்த இடம். சூரியன் மேற்கே சற்று வடக்கில் இருக்கும், சுவரின் நிழல் பத்தடிக்கு மேல் விழும். வேட்டியை அவிழ்க்காமல் விட்டு வையுங்கள்.